ஒன்றரை லட்சம் ரூபாய் டேப்லெட்: காசு எங்கே போகிறது, யாருக்குக் கட்டும்

ஆப்பிளின் 13 அங்குல ஐபேட் புரோ டேப்லெட்டின் தொடக்க விலை 1,29,900 ரூபாய். 2024 மே மாதம் எம்4 சிப்புடன் வந்தபோதும் இதே விலைதான், 2025 அக்டோபரில் எம்5 வந்தபோதும் இதே விலைதான். ஆனால் இந்தத் தொகையோடு கடையை விட்டு வெளியே வருகிறவர்கள் குறைவு. திரையில் எழுதவும் வரையவும் உதவும் பேனாவான பென்சில் புரோ 11,900. மேஜிக் கீபோர்டு 33,900. மூன்றையும் கூட்டினால் 1,75,700. பழைய ஐபேடுக்கு வாங்கிய இரண்டாம் தலைமுறைப் பென்சில் வீட்டில் இருக்கிறதே, அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் முடியாது. எம்4 மாடலில் முன் கேமரா நீளப் பக்கத்துக்கு மாறியது. அதே விளிம்பில்தான் பென்சில் ஒட்டி சார்ஜ் ஆகும். அதனால் உள்ளே காந்தமும் சார்ஜ் அமைப்பும் மாறிவிட்டன. பழைய பென்சில் இணையவே இணையாது, பழைய மேஜிக் கீபோர்டும் பொருந்தாது. யுஎஸ்பி-சி பென்சில் இணையும், ஆனால் அதற்கு அழுத்தம் உணரும் திறன் கிடையாது. மெல்ல வைத்தாலும் அழுத்தினாலும் ஒரே தடிமனில்தான் கோடு விழும். படம் வரைகிறவருக்கு அது உதவாது.

ஆகவே கணக்கை முழுத் தொகையிலிருந்து தொடங்க வேண்டும். கீபோர்டு சேர்த்தே வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒரு ஒப்பீட்டைப் பார்த்துவிடுங்கள். எம்4 மேக்புக் ஏர் லேப்டாப் 2025-இல் வந்தபோது விலை 99,900 ரூபாய், நினைவகம் (ரேம்) 16 ஜிபி, எடை 1.24 கிலோ. ஐபேடும் கீபோர்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே எடைதான் வருகிறது, விலை மட்டும் பென்சில் இல்லாமலே 60,000 ரூபாய்க்கு மேல் கூடுதல். நாள் முழுக்கத் தட்டச்சு செய்வதுதான் வேலை என்றால் இந்த டேப்லெட் பக்கம் போகவே வேண்டாம். லேப்டாப் வாங்குங்கள்.

அப்படியானால் இந்தக் காசு எதற்கு? விளம்பரத்தில் சிப்தான் முன்னால் நிற்கிறது. ஆனால் கையில் எடுத்து வேலை செய்யும்போது தெரிகிற வித்தியாசம் முழுக்கத் திரையில்தான். எம்4-இலிருந்து வரும் திரையில் ஒளிரும் ஓஎல்இடி அடுக்குகள் இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரே அடுக்கிலிருந்து இவ்வளவு வெளிச்சத்தைப் பிழிந்தால் அது சீக்கிரம் தேய்ந்துபோகும், அதிலும் நீல நிறம்தான் முதலில் சோரும். இரண்டு அடுக்குகள் பளுவைப் பகிர்ந்துகொள்வதால் திரை முழுவதும் வெளிச்சம் 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) வரை போகிறது, ஆயுளும் கூடுகிறது. புரோவைவிட விலை குறைந்த 13 அங்குல ஐபேட் ஏரின் திரை 600 நிட்ஸ். இதற்கு முந்தைய 12.9 அங்குலப் புரோவில் இருந்த மினி எல்இடி திரையில் கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து வந்தால் ஓரத்தில் புகைபோல ஒரு ஒளி கசியும். இதில் அது அடியோடு இல்லை.

இரண்டாவது வித்தியாசம் வேகம். புரோ திரை ஒரு நொடியில் 120 முறை வரை புதுப்பிக்கிறது, ஏர் 60 முறை. சினிமா பார்க்கிறவருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் இல்லை. பென்சில் பிடிக்கிற கைக்கு இதுதான் எல்லாம். ஒரு புதுப்பிப்புக்கும் அடுத்ததற்கும் ஏரில் 16.7 மில்லிநொடி, புரோவில் 8.3. சொல்லக் கேட்டால் ஒன்றுமில்லாததுபோல இருக்கும். இப்படிச் சோதித்துப் பாருங்கள்: கடையில் இரண்டையும் அருகருகே வைத்து, ஐந்து புள்ளி சிக்குக் கோலம் ஒன்றை வேகமாகப் போடுங்கள், கையை எடுக்காமல். வளைவில் திரும்பும் இடத்தில் பென்சில் முனையைக் கூர்ந்து பாருங்கள். ஏரில் கோடு முனைக்குக் கொஞ்சம் பின்னால் ஓடி வரும், முனை திரும்பியபின் கோடு திரும்பும். புரோவில் அந்த இடைவெளி பாதியாகச் சுருங்கி, முனையிலிருந்தே மை கசிவதுபோலத் தோன்றும். கோலம் போட்டுப் பழகிய கை இதை ஒரே இழையில் கண்டுபிடித்துவிடும். அடுத்து மெதுவாக, குறுக்குவாட்டில், ஒரு ஸ்கேலை வைத்து நீண்ட கோடு இழுங்கள். கோடு நெளிகிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, உங்கள் வழக்கமான எழுத்தளவில் 'ஞ', 'ழ', 'ணை' எழுதுங்கள். சுழிகள் கூடிய எழுத்துகளில்தான் தாமதம் கையைத் தடுமாற வைக்கும்.

வித்தியாசம் தெரியவில்லையா? கூச்சமே வேண்டாம், உங்களுக்குப் புரோ தேவையில்லை என்று அர்த்தம். 40,000 ரூபாய் மிச்சம்.

அந்த 40,000 எப்படி வருகிறது என்றால், எம்3 ஐபேட் ஏர் 2025-இல் வந்தபோது 13 அங்குலத்தில் 128 ஜிபி 79,900, 256 ஜிபி 89,900. புரோவின் தொடக்கமே 256 ஜிபி என்பதால் அந்த 89,900-ஐத்தான் அதோடு ஒப்பிட வேண்டும். இரண்டுமே அதே பென்சில் புரோவை ஏற்கும். இனி மணிக்கணக்குப் போடுங்கள். ஒரு ஓவியர் நாளுக்கு நான்கு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள், ஐந்தாண்டு வரைகிறார் என்றால் 6,000 மணி நேரம். புரோவும் பென்சிலும் 1,41,800, மணிக்குச் சுமார் 24 ரூபாய். ஏரும் பென்சிலும் 1,01,800, மணிக்கு 17 ரூபாய். நாள் முழுக்கக் கண்ணும் கையும் படுகிற திரைக்கு மணிக்கு ஏழு ரூபாய் கூடுதல் என்பது நியாயமான செலவுதான், தயங்காமல் செய்யலாம். பென்சிலோடு வாங்கிய அதே புரோவை ராத்திரி அரை மணி நேரம் படம் பார்க்க மட்டும் எடுக்கிறவருக்கு ஐந்தாண்டில் 900 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும், மணிக்கு 155 ரூபாய் ஆகிவிடும். விலை ஒன்றேதான். கட்டுமா கட்டாதா என்பதைப் பயன்படுத்தும் நேரம்தான் தீர்மானிக்கிறது.

படிப்புக்காக வாங்குகிற மாணவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் கடன் வாங்கிப் புரோ எடுத்துக் கொடுக்கிறார்கள். பிடிஎஃப் படிக்க, ஓரத்தில் குறிப்பெழுத, வகுப்பு வீடியோ பார்க்க 34,900 ரூபாய் சாதாரண ஐபேட் (ஏ16, 128 ஜிபி) தாராளமாகப் போதும். யுஎஸ்பி-சி பென்சில் 7,900 சேர்த்து 42,800. இதில் ஒரு குறை உண்டு: கண்ணாடிக்கும் அதன் அடியில் உள்ள திரைக்கும் நடுவே காற்றிடைவெளி இருக்கிறது, அதனால் முனை தொடும் இடத்துக்கும் கோடு விழும் இடத்துக்கும் சிறு விலகல் தெரியும், தட்டும்போது கொஞ்சம் வெற்றொலி கேட்கும். இரண்டு நாளில் கை பழகிவிடும். குறிப்பெழுத அது தடையே இல்லை.

கணக்குத் தணிக்கை, வரி வேலை செய்பவர்களும் யோசிக்க வேண்டும். டேலி விண்டோஸில்தான் ஓடும். எக்செல் ஐபேடில் உண்டு, ஆனால் மேக்ரோ ஓடாது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனை யுஎஸ்பியில் சொருகி ரிட்டர்னில் கையெழுத்துப் போடுகிற வேலையும் நடக்காது. டிடிபி செய்கிறவர்களுக்கு வேண்டிய பக்க வடிவமைப்பு மென்பொருள் இன்டிசைன் ஐபேடில் கிடையாது. சிப் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இல்லாத மென்பொருளை அது ஓட்டாது. 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26-இல் ஜன்னல்களை இஷ்டப்படி அளவு மாற்றி வைக்கலாம், மேலே மெனு பட்டை வருகிறது, பெரிய ஏற்றுமதி பின்னணியில் ஓடுகிறது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் மேலே சொன்ன நான்கும் அதிலும் அப்படியேதான்.

இனி உண்மையிலேயே புரோ வாங்க வேண்டியவர்களுக்கு. அதாவது ஓவியர்கள், வடிவமைப்பாளர்கள், படப்பிடிப்பு இடத்திலேயே படத்தொகுப்பு செய்பவர்கள்.

முதலில் நினைவகம். எம்4-இல் 256, 512 ஜிபி சேமிப்பிட மாடல்களுக்கு 8 ஜிபி நினைவகம், 1 டிபிக்கும் அதற்கு மேலும் 16 ஜிபி. எம்5-இல் கீழ் இரண்டு மாடல்களுக்கும் 12 ஜிபியாக உயர்த்தியிருக்கிறார்கள். விலையை மாற்றாமல் கொடுத்ததில் இதுதான் பெரியது. ஓவியச் செயலியான புரோகிரியேட்டில் எத்தனை லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வரையும் அடுக்கு) கிடைக்கும் என்பதை நினைவகம்தான் முடிவுசெய்கிறது. ஏ3 அளவு, 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508க்கு 4961 பிக்சல், ஒரு லேயருக்குச் சுமார் 70 எம்பி. நாற்பது லேயர் போனால் 2.8 ஜிபி. 8 ஜிபியில் ஒரு செயலிக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மீதியை இயங்குதளமும் திறந்திருக்கும் மற்ற செயலிகளும் எடுத்துக்கொள்ளும். எனவே வரையத் தொடங்கும் முன்பே கேன்வாஸ் தகவலுக்குள் போய் லேயர் வரம்பைப் பார்த்துவிடுங்கள். பாதி வேலையில் "இனி லேயர் இல்லை" என்று வந்தால், சேர்க்கக் கூடாத லேயர்களையெல்லாம் சேர்க்க வேண்டிவரும், வாடிக்கையாளர் நிறம் மாற்றச் சொன்னால் மறுபடி வரைய வேண்டியதுதான்.

பேனர் வேலைக்கு இது இன்னும் முக்கியம். 10க்கு 8 அடி ஃபிளெக்ஸை முழு அளவில் 72 டிபிஐ-க்கு அமைத்தால் 8640க்கு 6912 பிக்சல், ஒரு லேயரே 240 எம்பிக்குப் பக்கத்தில் வரும். நான்கில் ஒரு பங்கு அளவில், 30க்கு 24 அங்குலமாக, 150 டிபிஐ-இல் வரையுங்கள். லேயர் 65 எம்பிக்குள் அடங்கும். எழுத்துகளை மட்டும் கடைசியில் கணினியில் வெக்டராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து பார்க்கிற பேனரில் ஓவியம் கொஞ்சம் மென்மையாக இருந்தால் யாருக்கும் தெரியாது, எழுத்து மங்கினால் உடனே தெரியும். இன்னொன்று: வரைவதை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லேப்ஸ் பதிவின் தரத்தைக் கேன்வாஸ் உருவாக்கும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். அதை 4கே-இல் வைத்துவிட்டு மாதக்கணக்கில் வரைந்தால் 256 ஜிபி எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். 1080 போதும்.

சேமிப்பிடத்துக்காக 1 டிபி வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 256-இலிருந்து 1 டிபிக்கு 60,000 ரூபாய் கூடுதல். அந்தக் காசில் சிறு பகுதிக்கே வெளி எஸ்எஸ்டி கிடைத்துவிடும், படத்தொகுப்புச் செயலியான ஃபைனல் கட் புரோவும் 2024 முதல் வெளி டிரைவில் வைத்தே தொகுக்க விடுகிறது. டிரைவை எக்ஸ்ஃபேட் அல்லது ஏபிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். கேபிளில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். பெட்டியில் வருகிற கேபிள் சார்ஜ் செய்வதற்கானது. தரவு வேகம் யுஎஸ்பி 2 அளவு, நடைமுறையில் நொடிக்கு 40 எம்பிக்குள். ஒரு கல்யாண வீட்டில் எடுத்த 200 ஜிபி படத்தை அதில் மாற்றினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். எஸ்எஸ்டியோடு வரும் 10 ஜிகாபிட் கேபிளில் அதே வேலை ஐந்து நிமிடம் சுமார். புரோவின் தண்டர்போல்ட் துளை 40 ஜிகாபிட் தாங்கும். தவறான கேபிளைச் சொருகினால் அந்தக் காசு வீண்.

சூட்டைப் பற்றி விற்பனையாளர் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தக் கருவியை 35 டிகிரி செல்சியஸ் வரைதான் பயன்படுத்தலாம் என்பது தயாரிப்பாளரே தரும் வரம்பு. சித்திரை, வைகாசியில் சென்னையிலும் வேலூரிலும் திருச்சியிலும் ஏசி இல்லாத அறை அதைத் தாண்டிவிடும். உள்ளே விசிறி கிடையாது. எம்4 மாடலில் கிராஃபைட் தகடுகளும் பின்புற ஆப்பிள் சின்னத்தில் செம்பும் வைத்துச் சூட்டை அலுமினிய உடல் வழியாக வெளியேற்றுகிறார்கள். அதாவது முதுகுதான் சூடு வெளியேறும் வழி. அந்த முதுகில் தடித்த ரப்பர் கவர் மாட்டி, தலையணைமேல் வைத்து, சார்ஜில் போட்டபடி 4கே படம் ஏற்றுமதி செய்தால் மூன்று பக்கமும் அடைத்த அடுப்புதான். முதலில் திரை தானாக மங்கும், பிறகு சார்ஜ் நிற்கும், பிறகு ஏற்றுமதி நேரம் இழுத்துக்கொண்டே போகும். பழுதென்று நினைத்துச் சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். கவரைக் கழற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, மேசை விசிறி பின்பக்கம் படும்படி வையுங்கள், முன்கூட்டியே சார்ஜ் ஏற்றிவிட்டு ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். குளிர்விக்கிறேன் என்று ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும். தினமும் பிளக்கில் கிடக்கும் கருவி என்றால் பேட்டரி அமைப்பில் 80 சதவீத வரம்பைப் போட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் முழு சார்ஜில் சூடாகக் கிடப்பதுதான் பேட்டரியை வேகமாகக் கெடுக்கிறது.

திரைமேல் ஒட்டும் தாள் பற்றி ஒரு வருத்தம். ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் திரைக்காகவே கொடுத்துவிட்டு, வாங்கிய அன்றே 600 ரூபாய் மேட் ஃபிலிம் ஒட்டுகிறார்கள். அந்த ஃபிலிமின் சொரசொரப்பு ஒளியைச் சிதறடிக்கும். வெள்ளைப் பின்புலத்தில் வானவில் துகள்கள் மினுங்கும், கறுப்பு சாம்பலாகும், மெல்லிய கோட்டின் கூர்மை போய்விடும். வாங்கியதன் காரணமே போய்விடுகிறது. காகிதம் போன்ற பிடி வேண்டும் என்றால் காந்தத்தில் ஒட்டிக் கழற்றக்கூடிய ஃபிலிம் வாங்குங்கள். வரையும்போது மாட்டி, நிறம் சரிபார்க்கும்போது கழற்றலாம். நானோ டெக்ஸ்சர் கண்ணாடி என்று கம்பெனியே தரும் மேட் திரை இதைவிட எத்தனையோ மேல். ஆனால் 1 டிபியிலும் அதற்கு மேலும்தான் கிடைக்கும், அந்த விலைக்கு மேல் இன்னும் 10,000. ஜன்னலோரம், வெளியிடங்களில் வேலை செய்பவருக்கு மட்டும் அது பொருந்தும். அதைக் கூடவே வரும் துணியால் மட்டுமே துடைக்க வேண்டும், சட்டை நுனி கூடாது.

சொரசொரப்பான ஃபிலிம் பென்சில் முனையையும் தின்னும். விரல் நுனியால் முனையைத் தடவிப் பாருங்கள். வழவழப்பு போய்ச் சொரசொரவென்று இருந்தாலோ ஒரு பக்கம் மழுங்கியிருந்தாலோ உடனே மாற்றுங்கள். உள்ளிருக்கும் உலோகம் எட்டிப் பார்க்கும்வரை விட்டால் கண்ணாடியில் கீறல் விழும், அதை எடுக்க வழியில்லை. இடப்பக்கம் திருகினால் முனை கழன்றுவிடும். புதியதை மாட்டும்போது இடைவெளி இல்லாமல் முழுக்க முறுக்குங்கள். கோடு நடுநடுவே அறுந்து விழுகிறது என்று வரும் புகார்களில் பலவற்றுக்கும் காரணம் அரைகுறையாக முறுக்கிய முனைதான். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் டிராயரில் போட்டால் பென்சிலின் பேட்டரி அடியோடு இறங்கிக் கெட்டுப்போகும். வாரம் ஒரு முறையாவது ஐபேடில் ஒட்டி வையுங்கள்.

ஆண்ட்ராய்டு பக்கம் இதற்கு நேர்ப் போட்டியாக வந்தது சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்10 அல்ட்ரா. 2024-இல் வந்தபோது விலை 1,08,999 ரூபாய். 14.6 அங்குலம், 120 ஹெர்ட்ஸ் அமோலெட், நீர் புகாத உடல், மைக்ரோ எஸ்டி துளை எல்லாம் உண்டு. எஸ் பென் பெட்டியிலேயே வருகிறது, வரைவதற்கு அதைச் சார்ஜ் செய்யவே வேண்டாம். கிளிப் ஸ்டுடியோவில் காமிக்ஸ் வரைகிறவருக்கு இது நல்ல தேர்வு, பென்சில் காசும் மிச்சம். புரோகிரியேட்டில் கை பழகியவருக்கு மட்டும் வழியில்லை, அது ஐபேடில்தான்.

வாங்கும் முன் கடையில் இருபது நிமிடமாவது நில்லுங்கள். காட்சிக்கு வைத்த கருவியில் வெளிச்சம் முழுதாக வைத்திருப்பார்கள். அதைக் கால் பங்குக்கு இறக்கிப் பத்து நிமிடம் ஏதாவது படியுங்கள். ஓஎல்இடி திரைகள் மங்கலான நிலையில் அதிவேகமாக அணைந்து எரிவதால்தான் வெளிச்சம் குறைந்து தெரிகிறது. சிலருக்கு அது கண்வலியும் தலைவலியும் தரும். உங்கள் போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துத் திரையைப் பார்த்தால் பட்டை பட்டையாக ஓடுவது தெரியும். கண் கரித்தால், எவ்வளவு ஆசை இருந்தாலும், ஏரின் எல்சிடி திரையே உங்களுக்கு நல்லது. அடுத்து ஒரு வெறும் சாம்பல் நிறப் படத்தைத் திறந்து, மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தெரிகிறதா பாருங்கள். பெட்டி பிரித்த பிறகு திரும்ப எடுக்க மாட்டோம் என்பது பெரும்பாலான கடைகளின் வழக்கம். ஆகவே உங்கள் கருவியையும் கடையிலேயே பிரித்து, இந்தச் சோதனைகளைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

தொழிலுக்காக வாங்குகிறீர்கள், ஜிஎஸ்டி பதிவும் இருக்கிறது என்றால், பில் போடும் முன்பே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைச் சொல்லிவிடுங்கள். 1,29,900-இல் 18 சதவீத வரி 19,815 ரூபாய். உங்கள் எண் பில்லில் இருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில் அடித்து, பெட்டி பிரித்த பிறகு போய்க் கேட்டால் பல கடைகளில் மாற்றித் தர மாட்டார்கள்.